திலகவதியார்

அப்பர் தேவாரம் ஓதும் நாம் அவருடைய தமக்கையாரை நினைப்பது குறைவு. 7ஆம் நூற்றாண்டிலே திருவாமூரில் வாழ்ந்த திலகவதியாரின் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற் பாடினார். தந்தையார் புகழனார் மறைந்தார்; தாயார் மாதினியாரும் உடன் உயிர்நீத்தார்; மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரிலே மடிந்தார். தாமும் இறக்கத் துணிந்த அம்மையாரைத் தம்பியார் மருணீக்கியார் அடிவீழ்ந்து தடுத்தார். தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார். சமணஞ் சார்ந்த அத்தம்பியார் சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்கு வந்தபோது, திருநீறளித்து ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகள் நமக்குக் கிடைத்தது இவ்வாறே.

2009இல் முடிந்த போரிலே பெற்றோரை இழந்து, தம்பி தங்கையரை வளர்த்தெடுத்த அக்காமார் நம் நாட்டிற் பலர். நீர்வேலி வாலிபராகிய நாம் அவர்களையும் போற்றுவோமாக.