மேப்பாடியின் பெயரும் ஓடையின் வழியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் எவ்விடங்களைக் காக்க வேண்டும் என்று வரையறுத்த இரு அறிக்கைகளுக்கும் பெங்களூருவோடு தொடர்புண்டு. 2011ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் மாதவ் காட்கில், இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தை நிறுவியவர். 2013ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் கஸ்தூரிரங்கன், இஸ்ரோவின் முன்னாள் தலைவர்.

காட்கில் குழு மலைத்தொடரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, உயரம், சரிவு, காட்டின் பரப்பு, ஓரிடவாழ் தாவரங்கள் முதலியவற்றால் மதிப்பிட்டது. கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படங்களின் துணையோடு கிராமங்களைப் பட்டியலிட்டது. அதன்பின் நடந்த விவாதம் பெரும்பாலும் எத்தனை விழுக்காடு நிலம் என்பதிலேயே நின்றுவிட்டது.

2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. மேப்பாடியைக் காட்கில் அறிக்கை பெயர் சுட்டியிருந்ததால் பலரும் அதைத் தீர்க்கதரிசனம் என்றனர். இப்புகழ்ச்சி ஒரு குறையை மறைக்கிறது. காப்புக்குரிய நிலம் எது என்பது ஒரு கேள்வி; மேலே மலை இடிந்தால் கீழே யார் வீடு போகும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதை இரு குழுக்களிடமும் யாரும் கேட்கவில்லை.

மலையாளத்தில் உருள்பொட்டல் எனப்படும் இப்பாய்வு, நீர் ஊறிய சரிவு ஓடையின் தலைப்பகுதியில் இடிவதால் தொடங்குகிறது. வழியிலுள்ள பாறை, மண், மரம் அனைத்தையும் வாரிப் பெருத்து, சரிவு தணியும் இடத்தில் பரவுகிறது. வீடு கட்டவும் பயிரிடவும் ஏற்ற சமநிலம் பெரும்பாலும் அதுவே என்பதுதான் கொடுமை. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் அளந்தபடி, 1550 மீட்டர் உயரத்தில் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, அதன் சிதைபொருள் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. சாலியாற்றில் உடல்கள் மலப்புறம் மாவட்டம் வரை அடித்துச் செல்லப்பட்டன.

அதே மையத்தின் 2023ஆம் ஆண்டு நிலச்சரிவு வரைபட நூலில், அதே சரிவின் பழைய இடிவு பதிவாகியிருந்தது. அந்நூலின் தரவரிசையில் 147 மாவட்டங்களுள் வயநாடு 13ஆவது. சூரல்மலைவாசிக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

மதிப்பீட்டின் அலகு வட்டமோ மாவட்டமோ அல்ல. ஒவ்வொரு சிற்றோடையின் வடிநிலம். 1960களில் மெல்டன் முன்வைத்த குறியீடு எளியது: வடிநிலத்தின் உயர வேறுபாட்டைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுப்பது. மதிப்பு கூடினால், வெள்ளத்தைவிடச் சிதைபொருள் பாய்வுக்கே வாய்ப்பு மிகுதி. கனடாவில் இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014இல் தொடங்கிய தேசிய வரைபடப் பணியோ 1:50,000 அளவிலானது. சரிவு எங்கே தொடங்கக்கூடும் என்று அது சொல்லும், எதுவரை ஓடும் என்று சொல்லாது.