பெட்டியில் வைத்த பிள்ளை

திண்டிவனம் வட்டாரத்தில் ஒரு குழந்தையைப் ‘பெட்டியில் வைத்திருக்கிறார்கள்’ என்று சொன்னால், அது குறைமாதத்தில் பிறந்தோ, எடை குறைந்தோ, மூச்சுத் திணறியோ, பிறந்து 28 நாள் நிறையாத சிசுக்களுக்கான பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். இன்குபேட்டர் எனப்படும் அந்தக் கண்ணாடிப் பெட்டி குழந்தையின் உடற்சூட்டைக் காக்க வந்தது. தாயையும் சேயையும் பிரிப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை.

பாரிஸ் மருத்துவர் ஸ்தெபான் தார்னியே, உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, அதைப் போன்ற ஒன்றைச் சிசுக்களுக்காகச் செய்வித்து 1880-களின் தொடக்கத்தில் பயன்படுத்தினார். அவருக்குப் பின் வந்த பியேர் புதேன், பிள்ளையைப் பார்க்கவும் பாலூட்டவும் முடியாத தாயின் மனம் விலகிப்போவதைக் கண்டு அவளை அருகில் வைத்துக்கொள்ள முயன்றார். ஆயினும், தொற்று குறித்த அச்சம் மிகுந்த 20-ஆம் நூற்றாண்டு மருத்துவமனைகள் கதவைச் சாத்தின. பெட்டி பரவிய நாடுகளுக்கெல்லாம் அந்தச் சாத்திய கதவும் உடன் சென்றது.

பெட்டி வருவதற்கு முன் தமிழ் வீடுகளில் குறைமாதக் குழந்தை பழந்துணியில் சுற்றப்பட்டுத் தாயின் அணைப்பிலேயே கிடந்தது. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கை பழங்கிரேக்க மருத்துவ நூல்களிலும் காணப்படுகிறது; அது முற்றிலும் பிழையானது. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வீட்டில் அன்று பிழைத்தவை சிலவே என்பதால், அந்தப் பழைய நிலைக்காக ஏங்குவதற்கு இடமில்லை. ஆனால் பெட்டியோடு வீட்டார் இழந்தவையும் உண்டு. பெரியவர் ஒருவர் சிசுவின் நாவில் இனிப்பைத் தொட்டு வைக்கும் ‘சேனை’ நின்றது. தாய்ப்பாலன்றி வேறெதுவும் கூடாது என்பதால் அது நின்றது நியாயமே. காப்பு அணிவித்துப் பெயர் சூட்டும் சடங்கு தள்ளிப்போவதால், பிள்ளை பெயரின்றி, ‘இன்னாரின் குழந்தை’ என்று தாயின் பெயர் எழுதிய அட்டையாலேயே அடையாளம் காணப்படுகிறது. தாயின் பெயர் உள்ளேயும் தாய் வெளியேயும் இருந்த காலம் நீண்டது.

சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை, விழுப்புரம் சாலைகள் கூடும் திண்டிவனத்தில் தாயும் சேயும் பிரிந்திருப்பதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில், திண்டிவனம் சாலையிலேயே அமைந்த ஜிப்மர் மருத்துவமனை 1964-இல் அப்பெயர் பெற்றது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் தொடங்கியது. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் ஓடத் தொடங்கியது. சிசுவை வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி உயிர்களைக் காத்த இந்த ஏற்பாட்டிலேயே, அறுவை சிகிச்சையில் பெற்றவள் தையல் வலியோடு ஓர் ஊரிலும், பிள்ளை மற்றோர் ஊரிலும் இருக்க, தகப்பன் அன்றாடக் கூலியை விட்டுவிட்டுச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்து, பீய்ச்சிய பாலைக் கொண்டுசேர்த்து, ‘எடை ஏறிற்றா’ என்று கேட்கும் நிலையும் உருவாகிறது. நோயுற்ற சிசுவுக்குத் தொடக்கத்தில் 30 நாள் வரை இலவச சிகிச்சையும் போக்குவரத்தும் தரும் நடுவண் அரசின் திட்டம் 2011-இல் வந்தபோது செலவின் சுமை குறைந்தது. பிரிவின் சுமை அதனால் குறையக்கூடியதன்று.

கதவைத் திறந்தது வசதியன்று, வறுமை. கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமையால், 1978-இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கட்டிவைக்கும் ‘கங்காரு பராமரிப்பை’த் தொடங்கினார். மறு ஆண்டு எஸ்தோனியாவின் தாலினில், செவிலியர் பற்றாக்குறையால், மருத்துவர் அடிக் லெவின் சிசுக்களின் பராமரிப்பைத் தாயரிடமே ஒப்படைத்தார். தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோருக்குப் பயிற்சியளித்து உள்ளே அனுமதித்த முறையைத் தழுவி, 2017-இல் நடுவண் அரசு குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

எடை குறைந்த சிசுவின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினால் 28 நாளுக்குள் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று, தில்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது. அங்கெல்லாம் தாய்க்கான கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போடப்பட்டது. திண்டிவனத்தில் பெற்றவளுக்கு அந்தப் பயன் கிட்ட வேண்டுமெனில், பிள்ளையை ஏற்றிச் செல்லும் வண்டியிலேயே அவளுக்கும் ஓர் இடம் வேண்டும்.