சவுண்ட் வரலையா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு, "சவுண்ட் வரல" என்ற கம்ப்ளெயின்டில்தான் பாடம் ஆரம்பிப்பேன். எங்கே பார்க்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்துவிடலாம். ஏன் அங்கே பார்க்கிறோம் என்று தெரிய, பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது, 'பீப்' அடிக்கும். பாட்டு வேண்டுமென்றால் தனிக் கார்டுதான். 1987-இல் கனடாவின் ஆட்லிப், யமஹா சிப்பை வைத்து இசை கொடுத்தது. 1989-இல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம், அதே சிப்போடு பதிவான குரலையும் ஒலிக்கவைக்கும் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அந்தக் கார்டின் பின்பக்கம் வால்யூமுக்கென்று ஒரு குட்டிச் சக்கரமே உண்டு. அது இறங்கியிருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் கேட்காது. வால்யூமை முதலில் பார் என்ற பாடம் அவ்வளவு பழையது.

அடுத்த சிக்கல் இன்டரப்ட், அதாவது கார்டு பிராசசரைக் கூப்பிடும் எண். ஆரம்பகாலக் கார்டுகள் 7-ஆம் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே எண். இரண்டும் மோதினால், ஜம்பரைப் பிடுங்கி 5-க்கு மாற்றிச் செருகுவோம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்செக் ஃபைலிலும் அந்த எண்ணைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஊமையாக ஓடும்.

விண்டோஸ் 95 இந்த எண் பொருத்தும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. டிரைவர் தலைவலி மட்டும் மிஞ்சியது. 1997-இல் இன்டெல் வகுத்த ஏசி 97 முறையால், சவுண்ட் மதர்போர்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. தனிக் கார்டு வாங்க முடியாத வீட்டிலும் பாட்டு ஒலித்தது. அதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். அதோடு வந்ததுதான் "ஃபார்மட் பண்ணதுலேருந்து சவுண்ட் இல்லை" என்ற புலம்பல். மதர்போர்டோடு கொடுத்த டிரைவர் சிடி எங்கே என்று கேட்டால், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். கேபினெட்டைத் திறந்து, டார்ச் அடித்துத் தேடினால், விரல் நகமளவு சிப் ஒன்றில் நண்டுப் படம் தெரியும். அது ரியல்டெக். பக்கத்தில் ஏஎல்சி 655 என்பது போல ஒரு எண். அதைத் தாளில் குறித்துக்கொண்டு போய், நெட் சென்டரில் டிரைவர் இறக்கி வருவோம்.

ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்ற நிறங்கள் பிசி 99 வழிகாட்டியில் வந்தவை. அதற்கு முன் மூன்று ஓட்டையும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் குனிந்து தடவித்தான் செருக வேண்டும்.

இன்றைக்கு வரும் கேஸ்களில் பல வேறு மாதிரி. எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு சத்தத்தையும் மானிட்டருக்கு அனுப்பிவிடும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, அவுட்புட்டில் ரியல்டெக் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை ஓட்டை வழியாகச் சத்தம் வரும்.