கூத்துக் களரியிற் பெண் வேடம்

கதிரவெளி மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில் அமைந்தவூர். அதன் தெற்கே விரியும் வாவிக்கரைத் தமிழரிடையே குடி தாய்வழியே வருவது. வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் சேர்வன. ஆயினும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் வட்டக்களரியிலே பெண்ணுக்கு இடமிருக்கவில்லை. திரௌபதையும் ஆடவனே. அண்ணாவியார் சட்டங்கொடுத்த நாள் தொட்டுச் சதங்கையணி ஈறாக, ஆண்மகனொருவன் பெண்ணின் நடையையும் அழுகையையும் பயின்றான். அதனைக் கலையென மெச்சிய ஊரார், பெண் களரியேறுவதை மட்டும் ஒழுக்கக்கேடெனக் கருதினர். வளவுக்குரியவள் தன் துயரைத் தன் வாயாற் பாடவியலாமை விந்தையன்றோ!

ஏட்டிலக்கியம் முந்திக்கொண்டது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பிற் பெண்கள் தாமே பேசினர். அதனைத் தொகுத்த சித்திரலேகா மௌனகுரு பின்னர் மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயினார். களரியோ அத்துணை விரைவில் வழிவிடவில்லை.