நல்லது செய்வதாக நினைத்து ஒரு கிட்டாரைப் பாழாக்கிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கிட்டாரோ பழைய அரக்குப் பெட்டியோ இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

2021, கொரோனா காலம். கலாசாலையில் எமது குழுவிடம் ஒரு பழைய ஸ்பானிய கிட்டார் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. பலர் கைபடும் பொருள் என்பதால், கதிரை மேசைகளைத் துடைத்த அதே சானிடைசரால் அதையும் துடைத்தோம். சில நிமிடங்களில் அதன் மினுக்கம் பிசுபிசுத்தது. துணியின் நூல் ஒட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு பார்த்தால் முகப்பெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது.

கண்டியில் தளபாடங்களுக்குப் பொலிஷ் போடும் வயதான நானா ஒருவரிடம் கொண்டுபோனோம். தடவிப் பார்த்துவிட்டு, "இது அரக்கு தம்பி. ஸ்பிரிட்ல கரைச்சித்தான் பூசுற. ஸ்பிரிட் பட்டா திரும்பவும் கரையும்தானே" என்றார்.

அரக்கு என்றால் எமக்குப் பொதிகளில் முத்திரை குத்தும் சிவப்பு மெழுகுதான் தெரியும். அது கிட்டாரில் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினோம்.

மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி, சாறு உறிஞ்சி வாழும் ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின்தான் அரக்கு. பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையின் அரக்கும் இதுதான். கி.பி. முதலாம் நூற்றாண்டின் செங்கடல் வணிகக் குறிப்பான பெரிப்ளூஸ், இந்தியாவிலிருந்து ஆபிரிக்கக் கரைக்குப் போன சரக்குகளில் அரக்குச் சாயத்தையும் சொல்கிறது. அறபியில் இதன் பெயர் 'லக்'. சிங்களத்தில் 'லாக்ஷா'.

எமது கண்டிக்கும் இதில் பெரிய பங்குண்டு. மெனிக்ஹின்ன பக்கத்திலுள்ள ஹுரிகடுவையும், மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிதையும் பரம்பரை அரக்கு வேலைக்குப் பேர்போன ஊர்கள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' எனும் ஆங்கில நூலில் இந்த வேலையை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

வேலை இரண்டு விதம். ஒன்று கடைசல் வேலை. சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகிப் படியும். பிறகு தாளிப்பனை ஓலையை வைத்து அழுத்தினால் கண்ணாடிபோல் மினுங்கும். மற்றது நக வேலை. கரி நெருப்பில் இளக்கிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தில் பதித்து, பெருவிரல் நகத்தால் வெட்டி வெட்டிக் கோலம் போடுவார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். ஏட்டுச் சுவடிகளின் மரச் சட்டங்களும் கைத்தடிகளும் ஆலவட்டப் பிடிகளும் இப்படித்தான் நிறம் பெற்றன.

கண்டிக் கலைஞர் அரக்கைச் சூட்டால் இளக்கினார். ஐரோப்பியத் தச்சர் அதையே மதுசாரத்தில் கரைத்தார். பஞ்சுப் பொதியில் நனைத்து, மெல்லிய படலமாகப் பல தடவை தேய்த்து ஏற்றும் அந்த முறைக்குத்தான் 'பிரெஞ்ச் பொலிஷ்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய கிட்டாரின் இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). அந்த மரபில் வந்த கைவினைக் கிட்டார்களுக்கு இன்றும் பலர் இதையே விரும்புகிறார்கள். காரணம் எளிது. முகப்புப் பலகை அதிர்ந்தால்தான் ஓசை வரும். தடித்த பூச்சு அந்த அதிர்வை அமுக்கிவிடும். 'கிட்டார்' எனும் சொல்லும் கிரேக்கத்திலிருந்து அறபு வழியாக ஸ்பெயினுக்குப் போனது என்பார்கள். சொல்லும் பூச்சும் நம் பக்கத்துக் கடல்வழிகளை அறிந்தவை.

1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் விரைவில் காயும் நைட்ரோசெலுலோஸ் பூச்சுக்கு மாறின. பிறகு பொலியூரித்தேன், பொலியெஸ்டர் பூச்சுகள் வந்தன. இன்று கடையில் வாங்கும் மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் இந்தச் செயற்கைப் பூச்சுத்தான். அவை ஓரளவு எதையும் தாங்கும். அந்தப் பழக்கத்திலேயே பழையதையும் துடைக்கும்போதுதான் நாம் செய்த தவறு நடக்கிறது.

ஆகவே முதலில் எந்தப் பூச்சு என்று கேட்டறியுங்கள். அரக்கானால் சானிடைசர், ஸ்பிரிட், வாசனை ஸ்பிரே எதுவும் கிட்ட வரக் கூடாது. அதன் மற்ற எதிரி சூடு. பேராதனை வீதி வாகன நெரிசலில், மூடிய காருக்குள், வெயிலில் விட்டுவிடாதீர்கள். வாசித்து முடிந்ததும் மென்மையான உலர்ந்த பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்தாலே போதும். முழங்கை படும் இடத்தில் வியர்வை பூச்சைத் தின்னும். முழுக்கைச் சட்டை அதற்கு நல்ல காவல். பெல்ட் கொக்கியும் சட்டைப் பொத்தானும் முதுகுப் பக்கத்தைக் கீறும். நைட்ரோசெலுலோஸ் ஆனால் ரப்பர் பிடியுள்ள தாங்கியில் நாள்கணக்கில் விடாதீர்கள். ரப்பர் பட்ட இடம் இளகிக் கறைபிடிக்கும்.

அரக்கில் ஒரு ரஹ்மத்தும் உண்டு. புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அந்த நானா பல நாட்கள் வைத்துப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து எமது கிட்டாரை மீட்டுத் தந்தார். கம்பிகள் கட்டும் கட்டைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தழும்பு மிச்சம். "இந்த வேலைய படிக்க இப்ப ஆக்கள் வாறல்ல" என்று அவர் சொன்னதுதான் எமக்கு அதைவிட வலித்தது. துடைத்த எம்மில் ஒருவருக்கும் அரக்கு என்னவென்று தெரியவில்லை. ஹுரிகடுவையோ பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்.

உங்கள் உம்மம்மாவின் அலுமாரியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சிறு பெட்டி இருக்கலாம். அதையும் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிடாதீர்கள். இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.