வள்ளிமலையில் ஒரு நாள் நடை

லீவு நாளென்றால் சூளூர்பேட்டைத் தமிழர் நாம் நேலபட்டுப் பறவைகளைப் பார்க்கப் போவோம், இல்லையேல் திருப்பதி. திருப்பதிக்கும் அப்பால், சித்தூர் தாண்டிப் பொன்னை வழியே தமிழக எல்லைக்குள் நுழைந்தால் வள்ளிமலை. சின்ன கிராமந்தான். வள்ளி தினைப்புனம் காத்த மலை என்று படியேறி முருகனைக் கும்பிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதே மலையில் குகைப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை.

அங்குள்ள கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் 'எபிகிராபியா இண்டிகா' 4ஆம் தொகுதியில் பதிப்பித்தார். 9ஆம் நூற்றாண்டுக் கங்க மன்னன் இராசமல்லன் இம்மலையைக் கண்டு, தனதாக்கிக்கொண்டு, ஜினாலயம் எடுத்தான் என்கிறது ஒன்று. சிவமாரன், ஸ்ரீபுருஷன், ரணவிக்கிரமன், இராசமல்லன் என நான்கு தலைமுறையும் அதில் உண்டு. பேரேடு எழுதிய கைக்கு இது ரொம்பப் பிடிக்கும்! இன்னொன்று அஜ்ஜநந்தி அடிகளைச் சொல்கிறது. மதுரைப் பக்கத்து ஆனைமலையில் வட்டெழுத்தில் வரும் அச்சணந்தியும் இவரே என்பர் அறிஞர் பலர். வேறொரு உருவம், பாண அரசனின் குருவான தேவசேனருடையது.

சித்தூர்ப் பக்கமும் அன்று பாணர் நாடே. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. கோடு நேற்றுப் போட்டது, மலை பழசு.

அருகே மேல்பாடியில், தாத்தா அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் எடுத்த கோயிலையும் பார்த்துவிடுங்கள். குகை உருவங்களுக்கு எண்ணெயோ குங்குமமோ பூச வேண்டாம், எழுத்து மங்கிப்போகும். காலையிலேயே ஏறிவிட வேணும், வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது.