தஞ்சை வட்டாரத்தில் வீட்டு நாய்: தேர்வும் பழக்கலும்

காவிரிப் பாசனப் பகுதியில் வீட்டு நாய் என்பது நெடுங்காலம் தெருவும் தொழுவமும் சேர்ந்து வளர்த்த உயிராகவே இருந்தது. அதற்கு இனப்பெயர் கிடையாது. மணி, கருப்பன், செவலை, டைகர் என்று நிறத்தையோ ஆசையையோ வைத்துக் கூப்பிடுவார்கள். தமிழகத்தின் பெயர்பெற்ற நாட்டு நாய் இனங்களான இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நான்கும் தென்மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் உருவானவை. அவை நெல் விளையும் தஞ்சைக்கு வந்தது பிற்காலத்தில்தான். ஒரு குடும்பம் புதிதாக ஒரு நாயைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குப் பழக்குவதில் இவ்விரு மரபுகளும் இன்று கலந்து நிற்கின்றன.

பழமை

மனிதனோடு வாழப் பழகிய முதல் விலங்கு நாய். செருமனியின் பான்-ஓபர்காசெல் என்னுமிடத்தில் மனிதர்களுடன் சேர்த்துப் புதைக்கப்பட்ட ஒரு நாயின் எலும்புகள் ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையானவை. இந்தியாவில் காசுமீரத்தின் புர்சகோமில் புதிய கற்கால மக்கள் தம் நாய்களையும் புதைத்திருக்கிறார்கள்.

தமிழில் நாய்க்கு ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று பல பழம்பெயர்கள் உண்டு. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டியைக் குருளை எனலாம் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. இன்று 'நாய்க்குட்டி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.

நாய்க்குக் கல் நட்ட ஊரும் தமிழகத்தில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது; 7ஆம் நூற்றாண்டுக் கல் அது. மாடு மீட்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன்; இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. அரசர், அதிகாரிகளின் பெயர்களே நிறைந்த கல்வெட்டுலகில் ஒரு நாயின் சொந்தப் பெயர் 1,400 ஆண்டுகளாக அழியாமல் இருப்பது மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி.

தஞ்சைப் பகுதியில் நாய்க்கு மரியாதை கிடைத்த இடம் சிவாலயம். பைரவரின் வாகனம் நாய். மயிலாடுதுறை அருகே உள்ள க்ஷேத்திரபாலபுரத்தில் பைரவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. க்ஷேத்திரபாலர் என்றால் நிலத்தைக் காப்பவர். தேய்பிறை அஷ்டமியில் வழிபாடு நடக்கும். தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள் 'பைரவருக்கு வைக்கிறோம்' என்று சொல்வது இன்றும் காதில் விழும். அதே நாய் வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் கழியெடுத்து விரட்டுவதும் அதே வீட்டு வழக்கம்தான்.

களத்து நாய்

நெல் வட்டாரத்தில் நாய்க்கு இருந்த வேலை வேட்டை அன்று, காவல். குறுவை, சம்பா, தாளடி என்று அறுவடை எதுவாயினும் களத்தில் பொலி கிடக்கும் இரவுகளில் ஆளோடு நாயும் படுத்திருக்கும். வைக்கோல் போரடி, மாட்டுக் கொட்டகை, கோழிக் கூண்டு ஆகியவையும் அதன் பொறுப்பு. வயல் எலிக்கு வைக்கும் மூங்கில் பொறி 'தஞ்சாவூர் கிட்டி' என்றே பெயர் பெற்றது. கிட்டி வைக்காத வரப்பில் வளை தோண்டுவது நாயின் வேலை. அறுவடை இயந்திரம் வந்தபின் களமே குறைந்துவிட்டது. ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் முறைக்காக நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் நெற்குவியல்களுக்கு அருகே இப்போதும் நாய்கள் படுத்திருப்பதைக் காணலாம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிமையானது. பக்கத்துத் தெருவில் ஒரு நாய் ஈன்றால், கண் திறந்த பிறகு போய்ப் பார்ப்பார்கள். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டி தைரியசாலி என்பது நம்பிக்கை. கால் நகங்களை எண்ணுவதும் உண்டு. இருபது நகம் உள்ளது நல்ல காவலுக்கு ஆகும் என்பார்கள். பின்னங்காலில் கூடுதலாக ஒரு நகம் இருப்பதற்கும் காவல் திறனுக்கும் தொடர்பில்லை. கத்தாத குட்டி சில சமயம் நோயுற்ற குட்டியாகவும் இருக்கும்.

பெரும்பாலும் கடுவன் குட்டியையே எடுத்துப் போனார்கள். பெட்டைக் குட்டிகள் ஆற்றங்கரையிலோ சந்தைத் தோப்பிலோ விடப்பட்டன. உயிர் பிழைத்த பெட்டைகள் அங்கேயே ஈன்றன. தெருநாய் பெருகிவிட்டது என்று இன்று எழும் புகாரின் ஒரு வேர் இந்தப் பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பேசாமல் நாயை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

தெற்கிலிருந்து வந்த இனங்கள்

இராஜபாளையம் நாய் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயரைப் பெற்றது. உயரமானது, பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. விசயநகரக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜு சமூகத்தார் வளர்த்த நாய் என்பது மரபுச் செய்தி. கோம்பை, தேனி மாவட்ட மலையடிவாரத்து ஊர். செம்பழுப்பு உடலும் கருத்த முகமும் அந்த நாயின் அடையாளம். சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடல், நீண்ட கால் கொண்ட ஓட்ட நாய்கள். கரிசல் காட்டில் முயல் துரத்தியவை. கருப்பு உடலும் பழுப்புக் காலும் கொண்டது கன்னி என்றும், மற்ற நிறத்தவை சிப்பிப்பாறை என்றும் பிரிப்பார்கள். இரண்டும் ஒன்றே என்பாரும் உளர். திருமணமாகிச் செல்லும் கன்னிப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி எனப் பெயர் வந்தது என்பது வாய்மொழி விளக்கம்.

இந்த நாய்களை ஆதரித்தவர்கள் பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. இரண்டும் தேவையான சட்டங்கள். ஆனால் ஆதரிக்க ஆளும் செய்ய வேலையும் இல்லாமல் போனதால் இனங்கள் சுருங்கின. எஞ்சிய சில நாய்களை நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தார்கள். வெள்ளை நிறமே வேண்டும் என்ற பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. நிறமற்ற தோலுக்குக் காரணமான மரபுக் கூறு உட்செவியையும் பாதிக்கும். இதனால் இராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு கணிசமாகத் தோன்றியது. காவலுக்கென வாங்கிய நாய்க்குக் காது கேட்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகே பலருக்குத் தெரியவந்தது. அப்படிப்பட்ட குட்டிகள் என்ன ஆயின என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

இனங்களைக் காக்க 1980-81இல் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2005 சனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய் அஞ்சல் தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய் இனங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2017இல் வந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு தமிழகத்தைச் சேர்ந்தவை: இராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்து முதோல். 2020 ஆகஸ்ட் மாத வானொலி உரையில் பிரதமர் இந்திய இனங்களை வளர்க்கும்படி பேசியபின் தேவை திடீரென உயர்ந்தது. விலை உயர்ந்தால் கலப்புக் குட்டியும் இனக்குட்டியாக விற்கப்படும் என்பதை வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டு மோகம்

நடுத்தரக் குடும்பங்களின் முதல் 'ஜாதி நாய்' பெரும்பாலும் பொமரேனியன் என்று அழைக்கப்பட்ட வெள்ளை நாய். உண்மையில் அது இந்தியச் சூழலுக்குப் பழகிய ஸ்பிட்ஸ் வகை. தயிர்ச்சோறு தின்று மாடிவீட்டில் வாழ்ந்துவிடும். 2003இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய் நாடெங்கும் ஆசையைக் கிளப்பியது. சப்பை மூக்குள்ள நாய்க்கு மூச்சு வாங்குவதே சிரமம். தஞ்சையின் சித்திரை, வைகாசி வெயிலில் அது படும் பாடு விளம்பரத்தில் வராது. பனிநாட்டு அஸ்கிக்கும் இதே கதிதான். வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை ஒன்றிய அரசு 2016இல் தடுத்தது. 2017இன் நாய் இனப்பெருக்க விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன.

இந்த 8 வாரக் கணக்குக்கு ஆய்வுப் பின்னணி உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையுள்ள காலத்தில் குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாக ஏற்கும் என்று கண்டனர். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கடியின் அளவை அது கற்றுக்கொள்வதும் அப்போதுதான்.

பார்த்து வாங்குதல், பழக்குதல்

இன்று ஒரு குடும்பம் குட்டி பார்க்கப் போனால் தாய் நாயைப் பார்ப்பதே முதல் வேலை. தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காமல் திரும்புவது நல்லது. கண்ணில் பீளை, உப்பிய வயிறு, வெளிறிய ஈறு ஆகியவை குடற்புழுவையோ உண்ணியையோ காட்டும். வெள்ளைக் குட்டியாயின் அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். மற்ற குட்டிகளின் அசைவைப் பார்த்து இதுவும் திரும்பக்கூடும். தனியே வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

தாய் படுத்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து குட்டியின் படுக்கையில் போடுவது பழைய வழக்கம். நாயின் உலகம் மோப்பத்தால் ஆனது. ஆகவே இது பொருளுள்ள வழக்கம். முதல் இரண்டு மூன்று இரவுகள் அழும். அடிக்கக் கூடாது, ஆள் படுக்கும் இடத்துக்கு அருகில் விட்டால் அடங்கும். முன்பு தின்ற உணவையே சில நாள் கொடுத்துப் பிறகு மெல்ல மாற்ற வேண்டும். தின்றதும், தூங்கி எழுந்ததும் வெளியே கொண்டுபோனால் இடம் பழகும். மாடு கன்று உள்ள வீட்டில் கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்தே காட்டத் தொடங்க வேண்டும். மிரண்ட பசுவின் ஒரு உதை போதும், குட்டி பிழைக்காது.

வெறும் பழைய சோறும் குழம்பும் வளரும் குட்டிக்குப் போதாது. கால் வளைந்த நாய்கள் நெல் வட்டாரத்தில் மிகுதியாகத் தென்பட்டதற்குச் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைந்த இந்த உணவு ஒரு காரணம். முட்டை, மீன், கருவாட்டுத் தலை சேர்த்தவர்கள் வீட்டு நாய் நன்றாக இருந்தது. நீர் தேங்கும் வயலில் எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் மனிதருக்கும் வரும். கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் உள்ளதா என்று கேட்பது இப்பகுதியில் அவசியம். 1978க்குப் பின் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோயே குட்டிகளின் பெரிய எமன். ஒரத்தநாட்டில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபின் தஞ்சைக் குடும்பங்களுக்குச் சிகிச்சை அருகிலேயே கிடைக்கிறது.

வெறிநாய்க்கடி

நாய் வளர்ப்பின் வரலாற்றில் அஞ்சத்தக்க பக்கம் இது. 1885 சூலையில் பாஸ்டர் பாரிசில் முதல் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தினார். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது தெற்கில் சிகிச்சை நிலையம் இல்லை. இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். அந்த மரணத்தை அடுத்துத் திரட்டிய பணத்தில் 1907இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தஞ்சை உழவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அதற்கு முன் இறந்தார்கள் என்பதற்கு நினைவுக் கல் இல்லை.

ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போட்ட நினைவு மூத்தோரிடம் இன்னும் இருக்கிறது. பயந்து ஊசிக்குப் போகாமல் பச்சிலை கட்டி இறந்தவர்கள் உண்டு. அந்த மருந்து 2004இல் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் ஊசிதான். அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. சொந்த வீட்டுக் குட்டியின் பல் பட்டாலும் முறை இதுவே. குட்டிக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். பாஸ்டர் இறந்த நாளான செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகும். அன்று பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடக்கும். கயிற்றில் கட்டிய இராஜபாளையத்துக்குப் பின்னால், பெயரில்லாத களத்து நாயும் அங்கே வரிசையில் நிற்கும்.